வியாழக்கிழமைக் கல்யாணம்

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமை மதியங்களில் 'ரோமியோ ஜூலியட்' வாசிக்க ஆரம்பித்தேன். பால்கனிக் காட்சி வந்ததும் ஒரே சிரிப்பு, அடக்க முடியவில்லை. போன வாரம் ஒரு மாணவியின் அப்பா தலைமையாசிரியர் அறைக்கே வந்து, "பள்ளிக்கூடத்துல காதலிக்கக் கத்துக் குடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தலைமையாசிரியர், "எதுக்கும்மா வம்பு, 'வெனிஸ் வணிகன்' நடத்திட்டுப் போங்களேன்" என்கிறார். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று, ரோமியோவின் மாண்டேகு குடும்பமும் ஜூலியட்டின் காப்யுலெட் குடும்பமும் நம்மூரில் இரண்டு சாதி மாதிரி என்று சொல்லியிருந்தேன். அதுவும் வெளியே போயிருக்கிறது.

மூலத்தை வாசிப்பதா, சுருக்கிய புத்தகமே போதுமா? படம் போட்டுக் காட்டலாமா? இருவரும் உயிரை மாய்த்துக்கொள்ளும் முடிவை இந்த வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? எல்லாவற்றுக்கும் மேல், நம் மாவட்டத்தில் இதை நடத்துவது சரிதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு மாதமாக இந்த நாடகம் என் மேஜையிலேயே கிடக்கிறது. பேத்திக்கு வருகிற ஆடியில் பதினான்கு முடிகிறது. அவளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தவன், கொடுக்காமல் நானே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஜூலியட்டும் ஆடி மாதத்துப் பெண்தான், கவனித்தீர்களா? ஆகஸ்ட் முதல் தேதிக்கு முந்தின ராத்திரி அவளுக்குப் பதினான்கு முடியும் என்று தாதி சொல்கிறாள். நம் கணக்கில் ஆடிப்பெருக்குக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். ஒகேனக்கலுக்குக் கூட்டம் கிளம்புகிற நேரம்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். படம் வேண்டாம். படம் பார்த்த பிறகு ஒருத்தனும் புத்தகத்தைத் தொடமாட்டான். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். பதினான்கு வயதில் காதல் வசனம் கேட்டுச் சிரிக்காத பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். நாடகத்திலேயே ரோமியோவின் சிநேகிதன் மெர்குஷியோ அந்த வேலையைத்தானே செய்கிறான்? அப்புறம் உங்கள் தலைமையாசிரியர். 'வெனிஸ் வணிக'னில் ஜெசிகா என்று ஒரு பெண் வருகிறாள். ஆண் வேஷம் போட்டுக்கொண்டு, அப்பாவின் பணத்தையும் நகையையும் மூட்டை கட்டிக்கொண்டு, வேற்று மதத்துப் பையனோடு ராத்திரியில் ஓடிவிடுகிறாள். கடைசிவரை சௌக்கியமாகவும் இருக்கிறாள். வம்பில்லாத நாடகம் என்று அவர் எதை நினைக்கிறாரோ தெரியவில்லை.

இப்போது உங்களைத் திட்ட வேண்டிய இடம். இரண்டு சாதி மாதிரி என்று எப்படிச் சொன்னீர்கள், டீச்சர்? நாடகத்தின் முதல் வரியைப் படித்தீர்களா, இல்லையா? கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையைச் சொல்வதுபோல, ஒருவன் மேடைக்கு வந்து, மதிப்பில் ஒன்றுக்கொன்று சளைக்காத இரண்டு குடும்பங்கள் என்றுதான் ஆரம்பிக்கிறான். கதை நடக்கிற வெரோனாவில் இரண்டு வீடும் சமம். காப்யுலெட் வீட்டு வேலைக்காரன் கட்டைவிரலைக் கடித்துக் காட்டினால், மாண்டேகு வீட்டு வேலைக்காரன் அதே தெருவில் நின்று கத்தியை உருவலாம். நம் மாவட்டத்தில், சாதி மாறி நடந்த ஒரு காதல் கல்யாணத்தையொட்டி, 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. எல்லாம் ஒரு பக்கத்து வீடுகள், தலித் வீடுகள். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று தருமபுரி ரயில் தண்டவாளத்தோரம் கிடைத்த, அந்தக் கல்யாணத்தைச் செய்துகொண்ட இளவரசனின் உடலும் அந்தப் பக்கத்துப் பையனுடையதுதான். அங்கே சமம் எங்கே இருந்தது? இதை 'ரெண்டு வீட்டுக்கும் ஆகாது' என்று சொல்லிவிட்டால், எரித்தவனையும் எரிந்தவனையும் ஒரே தட்டில் வைத்ததாகிவிடும். உங்கள் வகுப்பில் அந்தக் காலனிகளுக்கு உறவான பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம்.

இன்னொன்று. இந்த நாடகத்தைக் குடும்பப் பகை என்று சொல்லிச் சொல்லி நாம் ஒரு விஷயத்தைப் பார்க்கவே இல்லை. ஜூலியட்டின் அப்பாவுக்குக் கடைசிவரை ரோமியோ விவகாரமே தெரியாது. மகள் செத்துக் கல்லறைக்குப் போகிற வரையில் தெரியாது. விருந்துக்கு அழையாமல் வந்த ரோமியோவைப் பார்த்து ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட் துள்ளும்போது, "விடப்பா, நல்ல பையன் என்று ஊரே சொல்கிறது" என்று அடக்கியவரே அவர்தான். அப்படியென்றால் மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியில் அந்த மனுஷன் எதற்காக அப்படிக் குதிக்கிறார்? பகையாளி வீட்டுப் பையன் என்பதற்காக இல்லை. பார்த்து வைத்த மாப்பிள்ளையை மகள் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனையும்.

அவர் முதலிலிருந்தே அப்படிப்பட்டவர் என்றால் விட்டுவிடலாம். முதல் அங்கத்தில் பாரிஸ் பெண் கேட்டு வரும்போது, "அவளுக்கு இன்னும் பதினான்கு முடியவில்லை, இரண்டு வருஷம் போகட்டும்" என்கிறார். "இவளைவிடச் சின்னப் பெண்கள் தாயாகியிருக்கிறார்களே" என்று பாரிஸ் சொன்னால், "அப்படிச் சீக்கிரம் ஆனவர்கள் சீக்கிரமே கெட்டுப்போகிறார்கள்" என்கிறார். அவள் மனசைக் கேள், என் சம்மதம் அதில் ஒரு பங்குதான் என்கிறார். இதைவிட நல்ல அப்பா எங்கே கிடைப்பார்? இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை ராத்திரி, வீட்டில் டிபால்ட்டின் சாவு விழுந்திருக்கிற நேரத்தில், அவரே பாரிஸிடம், "இன்றைக்கு என்ன கிழமை? திங்களா? புதன் ரொம்பக் கிட்ட. வியாழக்கிழமை வைத்துக்கொள்வோம்" என்கிறார். பெண்ணைக் கேட்கவில்லை. விடிந்ததும் அம்மா வந்து தகவல் சொல்கிறாள். (நம்மூராக இருந்திருந்தால், ஆடி பிறந்துவிட்டது என்று சொல்லியாவது ஒரு மாதம் தள்ளிப்போட்டிருப்பாள், பாவம்.)

அந்தக் கதை ஷேக்ஸ்பியருக்கு ஆர்தர் புரூக் 1562-இல் எழுதிய நீண்ட கவிதையிலிருந்து கிடைத்தது. பெற்றோர் சொல் கேட்காதவர்கள் இப்படித்தான் அழிவார்கள் என்று அதற்கு ஒரு முன்னுரை உண்டு. உங்கள் தலைமையாசிரியர் அறைக்கு வந்த அப்பா படித்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். அதில் பெண்ணுக்குப் பதினாறு வயது, கதை மாதக்கணக்கில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் அந்த உபதேசத்தைத் தூக்கிப் போட்டார், மாதங்களை ஐந்து நாளாக நெருக்கினார், பெண்ணின் வயதில் மூன்றைக் குறைத்தார். ஏன் குறைத்தார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவருடைய மூத்த மகள் சூசன்னா 1583-இல் பிறந்தவள். இந்த நாடகத்தை எழுதிய காலத்தில் அவளுக்கும் பன்னிரண்டு பதிமூன்று வயது. ஜூலியட்டின் வயதொத்த, செத்துப்போன தன் மகளைத் தாதி நினைத்துக்கொள்கிற இடம் இருக்கிறதே, அந்தக் குழந்தைக்கு அவர் வைத்த பெயர் சூசன்.

பதிமூன்று வயது என்றால் எட்டாம் வகுப்பு, டீச்சர். உங்கள் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு வகுப்பு கீழே. இந்தச் சேதியைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். பால்கனிக்குச் சிரித்தவர்கள் சிரிக்கிறார்களா பாருங்கள்.

1980-இல் நான் பாலக்கோடு பக்கம் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. எங்களுக்குச் சுருக்கிய கதைதான் பாடம். அதில் இந்த அப்பா காட்சி இரண்டே வரி. எங்கள் சார் தன்னுடைய பழைய புத்தகத்திலிருந்து அந்த ஒரு காட்சியை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வாசிக்க ஆள் கேட்டார். குரல் உடைந்திருந்த ஒரே காரணத்தால் காப்யுலெட் எனக்கு வந்தது. மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி ஜூலியட். மாசி மாதம், புளி சீசன். வீட்டில் ராத்திரியெல்லாம் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் வருவாள். விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, நகக்கண்ணில் வெடிப்பு இருக்கும். நோட்டைத் தொட்டால் ஒட்டும் என்று உள்ளங்கையில் ஏந்திப் பிடித்துப் படிப்பாள்.

மண்டியிட்டுக் கேட்கிறேன் அப்பா என்று ஜூலியட் சொல்கிற வரி வந்தது. சார் அதன் அர்த்தத்தைச் சொன்னார், மண்டி போடச் சொல்லவில்லை. அவளாகவே பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சிமெண்ட் தரையில் மண்டி போட்டாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் ஊர்க் கூத்தில் துரியோதனன் கர்ஜிக்கிற தொனியில் எடுத்துவிட்டேன். ஹேங், பெக், ஸ்டார்வ், டை! தூக்கில் தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் கிடந்து சாவு. ஸ்டார்வ் மட்டும் சார் சொல்லித்தான் தெரிந்தது. மற்ற மூன்றும் வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது. மூலமா சுருக்கமா என்று கேட்டீர்களே, இதோ பதில். ஷேக்ஸ்பியர் அந்த இடத்தில் போட்டிருப்பதெல்லாம் ஓரசைச் சொற்கள். வகுப்பு கை தட்டியது. அவள் எழுந்தபோது முழங்கால் பட்ட இரண்டு இடத்திலும் பாவாடையில் சாக்பீஸ் தூள் வட்டமாக ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

பங்குனிக்குள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டாள். தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் வியாழக்கிழமை நடந்தது என்று எழுதினால் இந்தப் பதிலுக்கு நன்றாக இருக்கும். எனக்குக் கிழமை நினைவில்லை. அவளுடைய அப்பா நல்ல மனுஷன். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் ஒரு பொட்டலம் புளியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, "இவ படிக்கட்டும் சார், எங்களை மாதிரி புளி தட்ட வேணாம்" என்று சாரிடம் சொன்னவர். சார் சைக்கிளில் அவர்கள் ஊருக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "நல்ல இடம் சார், தள்ளிப்போட்டா கைநழுவிப் போயிடும்" என்றாராம் அதே மனுஷன். பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும் என்று 1978-லேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது, சாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவள் சொல்லிப்பார்த்தாளா, மண்டி போட்டாளா, அந்த அப்பா என்ன வார்த்தை சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் நாற்பத்தைந்து வருஷமாக அந்த இடத்தில் என் குரலே எனக்குக் கேட்கிறது.

எங்கே விட்டேன்? முடிவை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். விஷத்தையும் கத்தியையும் நடித்துக் காட்ட வேண்டாம், காதலுக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்று பெருமையாகவும் பேச வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஜூலியட் சாகவில்லை, மருந்தால் தூங்குகிறாள் என்று பாதிரியார் ரோமியோவுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோன ஜான், கொள்ளைநோய் வீடு என்ற சந்தேகத்தில் உள்ளே வைத்துப் பூட்டப்பட்டான், கடிதம் போய்ச் சேரவில்லை. அதற்கு முன்னால் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை ஜூலியட் வந்து, "மன்னியுங்கள் அப்பா, சம்மதம்" என்று பொய் சொல்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் அவர் கல்யாணத்தை ஒரு நாள் முன்னால் இழுத்துப் புதனுக்கு வைத்துவிடுகிறார். ராத்திரி தூங்காமல் சமையல்கட்டில் நின்று விறகு கொண்டுவா என்று விரட்டுகிறார். விடிந்தால் மகள் கட்டிலில் கட்டையாகக் கிடக்கிறாள். கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர்கள் கிளம்புவதா, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவதா என்று பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் இருந்து சாப்பிடுகிறார்கள். இதை எழுதிய ஆள் எத்தனை கல்யாண வீடு பார்த்திருப்பார்!

வகுப்பு முடிகிற நேரத்தில், பெரியவர்களில் யாரிடம் போய் ஜூலியட் சொல்லியிருக்கலாம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அம்மாவிடம் போனாள், "உன்னோடு பேச்சே கிடையாது" என்றாள் அம்மா. தாதியிடம் போனாள், பாரிஸையே கட்டிக்கொள் என்றாள் தாதி. பாதிரியார் மருந்து கொடுத்தார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவிட்டு, அழிக்காமல் விட்டுவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நம் மாவட்டத்தில் நடத்தலாமா என்பதற்குத் தனியாகப் பதில் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை அந்த ஐந்தாம் காட்சியை எடுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் போன அப்பாவுக்கும் சொல்லியனுப்புங்கள், வந்து கடைசி பெஞ்சில் உட்காரட்டும். காப்யுலெட்டை ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுங்கள். ஜூலியட்டை ஒரு பையன் வாசிக்கட்டும். ஷேக்ஸ்பியர் காலத்திலும் பையன்கள்தான் அந்த வேஷம் கட்டினார்கள். நம் கூத்திலும் அதுதானே வழக்கம்? மண்டி போடுகிற வரி வரும்போது அவன் மண்டி போட்டே வாசிக்க வேண்டும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. யார் வாசித்தார்கள், அந்த அப்பா வந்தாரா என்று எழுதுங்கள்.