கொறங்காட்டில் என்ன மரம் வைப்பது?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்க அப்பாரு காலத்துக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம், நாலு ஏக்கர், பாகம் பிரித்ததில் எனக்கு வந்திருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, இடையிடையே விட்டுப்போயிருக்கிறது. உள்ளே இருபது வெள்வேல் மரம் இருக்கும். ஒரு மூலையில் சீமைக்கருவேல் புகுந்துவிட்டது. மற்றபடி வெறும் பொட்டல். ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து, போர் போட்டு, மியாவாக்கி முறையில் நாட்டு மரங்களாகவே நெருக்கி வைத்து ஒரு காடு உண்டாக்க வேண்டும் என்று ஆசை. பறவைகளாவது வந்து இருக்கட்டும். என்னென்ன மரம் வைக்கலாம் என்று சொல்வீர்களா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

பாகத்தில் வந்த நிலத்தை சைட் போட்டு விற்காமல் மரம் வைக்க நினைக்கிறீர்களே, அதற்கே உங்களைக் கட்டியணைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜேசிபிக்காரருக்கு இன்றே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நிலம் பொட்டல் இல்லை.

நீங்கள் கோடையில் பார்த்திருப்பீர்கள். புல்லெல்லாம் மேலே காய்ந்து, தூர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் காலம். ஐப்பசி மழை இரண்டு உழவு பெய்த பிறகு போய்ப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல் தூர் தூராகக் கிளம்பியிருக்கும், அதற்கிடையில் செப்புநெருஞ்சி தரையோடு படர்ந்திருக்கும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் ஆண்டு மழையே 600, 700 மில்லிமீட்டர்தான். மண்ணும் சரளை, கீழே சுக்காங்கல். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இதற்கெல்லாம் பழகிய புல்லும் மரமும்தான் அங்கே நிற்கின்றன. மியாவாக்கி முறை ஜப்பானில் உருவானது. அங்கே சராசரி மழை 1,600 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வைத்து, முதல் இரண்டு மூன்று ஆண்டு தண்ணீரும் விட வேண்டும். நகரத்துக்குள் குப்பை கொட்டிக் கிடக்கும் பத்து சென்டுக்கு அது சரியாக இருக்கலாம். கொறங்காட்டுக்கு ஆகாது.

வெள்வேலின் அடியில் ஒருமுறை உட்கார்ந்து மேலே பாருங்கள். இலை அவ்வளவு பொடி, நிழல் சல்லடையில் சலித்த மாதிரிதான் விழும். அதனால்தான் அதன் கீழேயும் புல் வளர்கிறது. வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. புல் இல்லாத கோடையில் நெத்து உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகிறது. நெத்தைத் தின்ற மாடு சாணியோடு விதையைப் போடும். வயிற்றுக்குள் போய் வந்ததில் விதையின் கெட்டித் தோல் இளகியிருக்கும், அடுத்த மழைக்கு முளைத்துவிடும். உங்கள் காட்டில் இருக்கிற இருபது மரமும் அப்படி மாடு போட்டு முளைத்ததாகவே இருக்கும். கொஞ்ச வருசமாக உள்ளே மாடு விடாமல் இருந்தால், புது மரக்கன்றும் குறைவாகத்தான் இருக்கும். காங்கேயம் மாடு உருவானதே இந்தப் புல்லைத் தின்றுதானே.

போன பங்குனியில் மூலனூர் அருகே ஒரு கொறங்காட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மஞ்சள் மூக்கு ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது. காலை எடுத்து வைக்கவே பயமாகிவிட்டது. நின்ற இடத்திலேயே குனிந்து தேடினால், இரண்டடி தள்ளி வெறும் சரளையில் நான்கு முட்டை. கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, நாலு பொடிக்கல்லை ஒதுக்கிய பள்ளம். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரிய வெகுநேரம் ஆனது. வெயில் ஏறினால் அந்தப் பறவை எங்காவது போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின் மேல் விரல் நீளத்துச் சின்ன ஓணான், கழுத்துத் தோலை விசிறியாக விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தது. இந்த வகையில் 2016இல் அறிவியல் பெயர் பெற்ற ஓர் இனத்துக்குத் தமிழிலிருந்தே எடுத்து ‘விசிறி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவை இரண்டுக்கும் திறந்த தரை வேண்டும். நெருக்கி மரம் வைத்தால் இவைதான் முதலில் போகும், கூடவே கௌதாரியும் முயலும்.

எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் சில வருசம் முன்பு ஓர் அமைப்பு வந்து ஐநூறு கன்று வைத்தது. குழி தோண்டியவர்களில் நானும் ஒருவன். வெள்வேலையும் சங்கஞ்செடியையும் புதர் என்று வழித்துவிட்டுத்தான் நட்டோம். இரண்டாவது கோடையில் முக்கால்வாசி கருகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேல் மட்டும்தான். அந்த மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. உங்களுக்கு இவ்வளவு அவசரமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சீமைக்கருவேலைத் தூரோடு எடுங்கள். மேலோடு வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும். வேலி விட்டுப்போன இடத்தில் மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, ஊன்றுங்கள். அந்த வேலியில்தான் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் ஏறும், கீரிக்கும் தையல்சிட்டுக்கும் அதுதான் வீடு. புல் கதிர் விட்டு விதை உதிரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். அப்புறம் பக்கத்து ஆட்டுக்காரருக்கோ மாட்டுக்காரருக்கோ அளவாக மேய்ச்சலுக்கு விடுங்கள். ஏக்கருக்கு எத்தனை உருப்படி தாங்கும் என்று அவர்களுக்கே தெரியும். கை சும்மா இருக்காது, மரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் வேலி ஓரமாக உசிலை, வன்னி, வேம்பு, இலந்தை போடுங்கள். கன்றாக வாங்காமல் விதையாகவே ஊன்றினால் ஆணிவேர் நேராக இறங்கும். கொடுமுடிக் கோயிலில் தல மரமாக நிற்கிறதே, அதே வன்னிதான். போர் வேண்டாம்.

நம் பக்கத்தில் “காட்டுக்குப் போறேன்” என்றால் தோட்டந்துரவுக்குப் போவதுதானே. உங்கள் அப்பாரும் இதைக் காடு என்றே சொல்லியிருப்பார். ஊரில் அவர் வயதுக்காரர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலையில் கடவுப் படலைத் திறந்து உள்ளே நடந்து பாருங்கள். பங்குனி, சித்திரையில் போனால் தரையைப் பார்த்துக் கால் வையுங்கள்.

கொழுக்கட்டைப்புல் விதை வேண்டுமென்றால் எழுதுங்கள். மூலனூரில் தெரிந்தவர் ஒருவர் கதிர் உருவி வைத்திருக்கிறார், வாங்கி அனுப்புகிறேன்.