ரெண்டு ஹாம்ஸ்டர், ஒரே கூண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடைல அக்கா தங்கச்சின்னு சொல்லி ரெண்டு டுவார்ஃப் ஹாம்ஸ்டர் (எலி மாதிரி இருக்கற வளர்ப்புப் பிராணில குட்டி ரகம்) குடுத்தாங்க. இவ்ளோ நாளா ஒண்ணு மேல ஒண்ணு படுத்து தூங்குச்சுங்க. இப்போ ராத்திரி ஆனா ஒரே கீச் கீச். சின்னதுக்கு பின்பக்கம் முடி கொட்டி லேசா ரத்தம் தெரியுது. கடைக்காரர்கிட்ட கேட்டா "அடிச்சுக்கிட்டு அதுங்களே சேந்துக்கும், விடுங்க"ங்கறார். விட்டுடலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: விடாதீங்க, ப்ளீஸ். இன்னிக்கு ராத்திரியே பிரிச்சுடுங்க. இன்னொரு கூண்டு இல்லன்னா பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு எடுத்து மூடில நெறய ஓட்டை போட்டு, பேப்பர் கிழிச்சு போட்டு, தண்ணி சாப்பாடு வெச்சு அதுல ஒண்ண விடுங்க, நல்ல கூண்டு நாளைக்கு பாத்துக்கலாம். சண்டை நடந்துட்டு இருக்கும்போது மட்டும் வெறும் கைய உள்ள விடாதீங்க, கண்ணு மண்ணு தெரியாம கடிக்கும், ஒரு அட்டையை நடுவுல சொருகி ஒண்ண டம்ளர்ல அள்ளிடுங்க.

லேசா கீச்சுனு சத்தம் வந்து, ஒண்ணு மல்லாக்க படுத்துட்டு உடனே எந்திரிச்சு போய் பழையபடி சாப்பிடுதுன்னா அது யாரு பெரியவன்ங்கற பஞ்சாயத்து, அதுல பயமில்ல. ஆனா ரெண்டும் பந்து மாதிரி சுருண்டு உருளுது, ஒண்ண மூலைலயே முடக்கி வெச்சு வீல் பக்கமோ சாப்பாட்டு பக்கமோ வரவிடல, ரத்தம் வருது, இதுல எது நடந்தாலும் அதுங்க வாழ்க்கை முழுக்க தனித்தனி கூண்டுதான். ரத்தம் பாத்த ஜோடிய திரும்ப சேத்து வெச்சா ஒரே ராத்திரில ஒண்ணு செத்துக் கிடக்கலாம், "சமாதானம் ஆயிடும்"ன்னு சொல்றவங்க பேச்ச கேக்கவே கேக்காதீங்க.

காயத்த சரியா பாருங்க. வெளில தெரியறது கொஞ்சமா இருக்கும், வயித்துப் பக்கமும் பிறப்புறுப்பு பக்கமும் முடிய விலக்கிப் பாத்தாதான் மிச்சம் தெரியும். நாம தடவிக்கற ஆயின்ட்மென்ட் எதையும் போடாதீங்க, நக்கியே உள்ள தள்ளிடும். எல்லா வெட் டாக்டரும் ஹாம்ஸ்டர் பாக்க மாட்டாங்க, அதனால போன் பண்ணி கேட்டுட்டு கூட்டிட்டு போங்க. அப்புறம் சமையல் தராசுல ரெண்டோட எடையையும் வாராவாரம் எழுதி வைங்க, மொத்த உடம்பே 30, 40 கிராம்தான், அதுல 4, 5 கிராம் குறைஞ்சாலே பெரிய விஷயம்.

நீங்க தப்பா வளத்ததால இது நடக்கல. குட்டியா இருக்கும்போது கட்டிப்புடிச்சு தூங்கறதும், வயசுக்கு வந்ததும் எனக்கு எனக்குன்னு இடம் பிடிக்கறதும் இந்த இனத்தோட குணம்.

கேள்வி: ஒத்தையா வெச்சா பாவம் இல்லையா சார்? டுவார்ஃப் எல்லாம் கூட்டமா வாழற ஜாதின்னு சொல்றாங்களே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இந்த பேச்சுக்கு ஒரு அடிப்படை இருக்கு. மங்கோலியா பக்கத்து புல்வெளில வாழற கேம்ப்பெல் ஹாம்ஸ்டர்ல அப்பா குட்டி வளக்க கூட நிக்கும். பிரசவத்தப்போ குட்டிய வெளில இழுத்து, நக்கி சுத்தம் பண்ணி, மூக்குல அடைப்ப எடுத்து விடறத ஆராய்ச்சியாளர்கள் 2000ல பதிவே பண்ணிருக்காங்க, பாலூட்டில இப்படி ஒரு அப்பாவ பாக்கறது அபூர்வம். ஆனா அது குட்டி வளக்கற ஜோடியோட கதை. ரெண்டு தங்கச்சிங்க ரெண்டு அடி கூண்டுல ஆயுசு முழுக்க ஒத்துமையா இருக்கும்னு அதுலேந்து சொல்லவே முடியாது. காட்டுல பிடிக்கலன்னா ஓடிப் போயிடலாம், கூண்டுல எங்க ஓடும்?

தனியா இருக்கற டுவார்ஃப் ஏங்கிப் போகாது. தோண்ட ஆழமான பெட்டிங் (கூண்டு தரைல பரப்பற பேப்பர் துண்டு, மரத்தூள் மாதிரி), ஓட வீல், பொரள மணல், தேடித் தின்ன சாப்பாடு, இது இருந்தா அது பாட்டுக்கு சந்தோஷமா இருக்கும். தயவுசெஞ்சு நம்ம தனிமைய அது தலைல கட்டாதீங்க.

கேள்வி: சிரியன் (பெரிய ரக ஹாம்ஸ்டர்) ஒண்ணு, டுவார்ஃப் ஒண்ணு இருக்கு. ஒரே கூண்டுல நடுவுல தடுப்பு வெச்சு விடலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வேணாம். சிரியன் பெருசானா இன்னொரு சிரியனையே சேக்காது, டுவார்ஃப கொன்னுடும். நடுவுல கம்பி வெச்சாலும் அந்தப் பக்க வாசனையே ரெண்டுக்கும் ஓயாத டென்ஷன். வால் நல்லா தெரியற சைனீஸ் ஹாம்ஸ்டரையும் டுவார்ஃப்னு விப்பாங்க, அதுவும் தனி ஆள்தான்.

கேள்வி: சிங்கப்பூர்ல எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு. ரோபோ ஹாம்ஸ்டர் ரெண்டு, கூடப் பொறந்த பொண்ணுங்க, இதுவரைக்கும் சண்டை இல்ல. சேத்தே வெக்கணும்னா கூண்டு எப்படி இருக்கணும்?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: ரோபோன்னு சுருக்கி சொல்ற ரோபோரோவ்ஸ்கிதான் டுவார்ஃப் ரகங்கள்ல ஒத்துப் போக கொஞ்சம் வாய்ப்பு உள்ளது, அதுக்காக கேரண்டி எல்லாம் கிடையாது. தரை அளவு கொறஞ்சது 100க்கு 50 செ.மீ, ஜெர்மனி வெட்னரி டாக்டர்கள் சங்கம் சொல்றதும் இதுதான், ரெண்டுக்குன்னா இன்னும் பெருசா போனா நல்லது. உங்க ஊர்ல நெறய பேரு கண்ணாடி அலமாரிய படுக்கப் போட்டு மேல வலை மூடி போட்டு வெக்கறாங்க, அது நல்ல யோசனை. இங்க இருக்கறவங்க லீக் ஆகற பழைய நாலடி மீன் தொட்டிய கேட்டு வாங்கலாம்.

எல்லாமே ரெண்டு ரெண்டு, வீல் 20 செ.மீ அளவுல ரெண்டு, தண்ணி பாட்டில் ரெண்டு, வீடு ரெண்டு, அதையும் ஒரே மூலைல அடுக்காம தள்ளித் தள்ளி வைங்க. வீடு வாங்கும்போது அதுக்கு ரெண்டு வாசல் இருக்கான்னு பாருங்க, ஒத்த வாசல்ல பெருசு வந்து நின்னுட்டா உள்ள இருக்கறது மாட்டிக்கும், கொடூரமான கடி அங்க நடக்கலாம். கலர் கலரா பைப்பு, மாடி வெச்ச கூண்டும் அதனாலதான் வேணாம், ஒண்ணு மாடிய பிடிச்சுக்கிட்டு இன்னொண்ண ஏறவே விடாது. சாப்பாட்ட கிண்ணத்துல வெக்காம கூண்டு முழுக்க தூவி விடுங்க. சுத்தம் பண்றப்போ மொத்தமா காலி பண்ணிடாதீங்க, பழைய பெட்டிங்ல ஒரு பாதிய திரும்பப் போடுங்க, வாசனை மாறினா அதுங்களுக்கு கூண்டே புதுசு, மறுபடியும் எல்லைச் சண்டை ஆரம்பிக்கும். மூணாவதா ஒண்ண கொண்டுவந்து விடவே விடாதீங்க. முக்கியமா, காலி கூண்டு ஒண்ணு இப்பவே வாங்கி வெச்சுடுங்க, சண்டை ராத்திரி ரெண்டு மணிக்குதான் வரும், அப்போ கடை எதுவும் தெறந்திருக்காது.

கேள்வி: ரெண்டும் ஆண்னு குடுத்தாங்க, காலைல பாத்தா ஏழு குட்டி! இப்போ என்ன செய்ய?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல்ல அப்பாவ வேற கூண்டுக்கு மாத்துங்க, குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள்ளயே மறுபடி சினை பிடிச்சுடும், அப்புறம் 18லேந்து 21 நாள்ல அடுத்த ஈடு வந்து நிக்கும். அந்த வேலைய கூட்ட கலைக்காம சத்தமில்லாம முடிச்சுடுங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு குட்டிகளத் தொடாதீங்க, கூண்ட கழுவாதீங்க, பயந்தா அம்மாவே தின்னுடும். துளி வெந்த முட்ட, தண்ணி, அமைதி போதும்.

நாலு வாரம் ஆகறதுக்குள்ள ஆண் தனியா பெண் தனியா பிரிச்சே ஆகணும். கழிவுத் துவாரத்துக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருந்தா ஆண், ஒட்டினாப்ல இருந்து வயித்துல ரெண்டு வரிசை காம்பு தெரிஞ்சா பெண். ஒண்ண மட்டும் பாத்தா குழம்பிடும், அதனால ரெண்டு மூணு குட்டிய கண்ணாடி டம்ளர்ல விட்டு கீழேந்து டார்ச் அடிச்சு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, வித்தியாசம் சட்டுனு தெரியும்.