குழாய்க் காப்பீடு எடுக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

நாற்பது ஆண்டுப் பழைய வீட்டுக்குக் குழாய்க் காப்பீடு, அதாவது குழாய் பழுதானால் சரிசெய்யும் செலவைத் தரும் காப்பீடு, தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் மெல்லச் சுழன்றால் எங்கோ கசிகிறது. ஏற்கெனவே உள்ள பழுதுக்குக் காப்பீட்டு நிறுவனத்தார் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவேறி அடைபடும். சுட்ட மண்ணாலான கழிவுக்குழாயின் இணைப்பில் மர வேர் மயிரிழையாக நுழைந்து, பிறகு பந்தாகத் திரளும். இவை இருந்து, அருகில் மரமும் நின்றால் எடுப்பது நியாயம்தான். பிளாஸ்டிக் குழாய்க்கு மாறியிருந்தால் அந்தத் தவணையைச் சேமித்து வையுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கட்டாயம் தேடுங்கள்: தோண்டிய தரையைத் திரும்பப் பூசித் தருவார்களா? எங்கள் வீட்டில் குழாயைவிடத் தரைக்கே அதிகம் செலவானது.