பைத்தான் கற்றாயிற்று, அடுத்து எந்தப் புத்தகம்?

கேள்வி: அக்கா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் கோவைக்கு வேலைக்குப் போகிறேன். பைத்தானில் இரண்டு வருட அனுபவம் உண்டு, ஜாவாவும் கொஞ்சம் தெரியும். நான் எழுதும் புரோகிராம் ஓடுகிறது, ஆனால் டேட்டா கூடினால் இழுக்கிறது. சீனியர்கள் பார்த்த உடனே காரணம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கண் வரவில்லை. ‘அட்வான்ஸ்டு பைத்தான்’ என்று போட்ட தடித்த புத்தகம் ஒன்று வாங்கலாமா? பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள், இங்கிலீஷ் புத்தகம் என்றால் பயம். என் புரோகிராம் கோட் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கோட் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கேள்வியை மட்டும் படித்திருந்தால் நானும் ஏதாவது ஒரு பைத்தான் புத்தகத்தின் பெயரைச் சொல்லியிருப்பேன்.

புது வாடிக்கையாளர் பட்டியலில் ஒவ்வொருவரையும் எடுத்து, பழைய பட்டியலில் இருக்கிறாரா என்று ‘இன்’ போட்டுத் தேடியிருக்கிறீர்கள். பழைய பட்டியல் ஒரு லிஸ்ட். லிஸ்டில் ‘இன்’ போட்டால் பைத்தான் முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் 20,000 பேர் இருந்து, முக்கால்வாசிப் பேர் புதியவர்கள் என்றால் ஒப்பீடு 30 கோடியைத் தாண்டும். எல்லாருமே புதியவர்கள் என்றால் 40 கோடி. இரண்டு பட்டியலும் ஒரு லட்சமாக வளர்ந்தால் அதே கணக்கு 1000 கோடி. டேட்டா 5 மடங்குதான் கூடியது, வேலையோ 25 மடங்கு. நீங்கள் ‘இழுக்கிறது’ என்கிறீர்களே, அது இதுதான். பழைய பட்டியலை லூப்புக்கு வெளியே ஒரே ஒரு தடவை ‘செட்’ ஆக மாற்றிக்கொள்ளுங்கள். செட், பெயரிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு அவர் இருக்கவேண்டிய இடத்துக்கு நேராகப் போய்ப் பார்க்கும். ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தேடலோடு வேலை முடிந்துவிடும்.

செட் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமா? இல்லை, அதே கோடில் இன்னோர் இடத்தில் நீங்களே பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதனால் பைத்தானைப் பற்றி இன்னும் 800 பக்கம் படித்தாலும் இந்தக் குறை தீராது. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது மொழியில் இல்லை. ஒரு வரி எழுதினால் அதற்குக் கீழே எவ்வளவு வேலை நடக்கிறது என்று மதிப்பிடும் பழக்கம் இன்னும் கைக்கு வரவில்லை. சீனியர்களின் ‘கண்’ என்று நீங்கள் சொல்வதும் அந்தப் பழக்கத்தைத்தான்.

அதற்கு நான் சொல்லும் புத்தகம் ஜான் பென்ட்லி எழுதிய ‘புரோகிராமிங் பெர்ல்ஸ்’. 1986இல் முதலில் வந்தது. இரண்டாம் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். சுமார் 250 பக்கம்தான், 15 கட்டுரைகள். இவ்வளவு ஒல்லியான புத்தகமா அட்வான்ஸ்டு என்று தோன்றும். அதன் முதல் கட்டுரையைப் பாருங்கள். ‘டிஸ்கில் இருக்கும் ஃபைலை எப்படி வரிசைப்படுத்துவது?’ என்று ஒரு புரோகிராமர் பென்ட்லியிடம் கேட்கிறார். பென்ட்லி அதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறார். அந்தப் பதில்தான் தன்னுடைய முதல் தவறு என்று அவரே எழுதுகிறார். பிறகு விசாரித்தால், வந்தவரிடம் இருப்பது அதிகபட்சம் ஏழு இலக்க எண்கள். எந்த எண்ணும் இரண்டு முறை வராது. மெமரி சுமார் 1 மெகாபைட்தான் தரமுடியும்.

இதில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஏழு இலக்கம் என்றால் 0 முதல் 99,99,999 வரை, மொத்தம் ஒரு கோடி எண்கள். எண்ணையே சேமித்தால் ஒன்றுக்கு 4 பைட் வீதம் 4 கோடி பைட் ஆகும். எண்ணைச் சேமிக்காமல் ‘இருக்கிறது, இல்லை’ என்று ஒரு பிட்டை (0 அல்லது 1) மட்டும் வைத்தால்? ஒரு கோடி பிட்; 8 பிட் ஒரு பைட், ஆக 12.5 லட்சம் பைட். எண் வரும்போது அதற்குரிய பிட்டை 1 ஆக்குங்கள். கடைசியில் முதலிலிருந்து பிட்டுகளைப் பார்த்து, 1 உள்ள இடத்தின் எண்ணை எழுதிக்கொண்டே போங்கள். வரிசைப்படுத்தும் வேலையே இல்லாமல் வரிசை வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையை முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கேட்ட கேள்விக்கும் உண்மையான தேவைக்கும் நடுவில் இவ்வளவு தூரமா என்று இருந்தது.

அதே புத்தகத்தில் பைனரி சர்ச் பற்றியும் வருகிறது. வரிசையான பட்டியலின் நடுவில் பார்த்துப் பாதியைத் தள்ளும் எளிய உத்திதான். ஆனால் புத்தகத்தில் இருந்த புரோகிராமிலேயே ஒரு பிழை ஒளிந்திருந்தது. நடுப்புள்ளிக்காக இரண்டு இடங்களின் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். கூட்டுத்தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினால் 32 பிட் இன்ட் (முழு எண் வகை) எதிர்மறை எண்ணாகிவிடும். ஜாவாவோடு ஆயத்தமாக வரும் கோட் தொகுப்பான அதன் சொந்த லைப்ரரியிலும் அதே பிழை ஏறக்குறைய 9 வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அந்த லைப்ரரி கோடை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் இதை வெளிப்படையாக எழுதினார். சிறிய எண்ணோடு பெரிய எண்ணுக்கான வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் பிழை தீர்ந்தது. பைத்தான் இன்ட் இப்படி நிரம்பி வழியாது, உங்கள் ஜாவா கோடில் வழியும்.

இதை முடித்த பிறகு பிரையண்டும் ஓ’ஹாலரனும் எழுதிய ‘கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ்: எ புரோகிராமர்ஸ் பெர்ஸ்பெக்டிவ்’. இது உண்மையிலேயே தடி. மெமரி, கேஷ் (புராசஸருக்கு அருகில் இருக்கும் வேகமான சிறு மெமரி), புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எல்லாம் புரோகிராமரின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டிருக்கும். ஒரு வருடம் ஆகலாம், ஆகட்டும். கோட் பெரிதானதும் சிக்கலாகிறது என்பது உங்கள் குறையாக இருந்திருந்தால், ஏபல்சனும் சஸ்மனும் எழுதிய ‘ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்’ என்ற 1985ஆம் வருடப் புத்தகத்தைச் சொல்லியிருப்பேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பைத்தானையே ஆழமாகப் பார்க்க ‘ஃப்ளூயண்ட் பைத்தான்’ நல்ல புத்தகம், அதுவும் பிறகு. டொனால்ட் நூத் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ பெரிய தொகுதிகளை இப்போது வாங்க வேண்டாம். கணக்கில் நல்ல பிடி இல்லாமல் திறந்தால் அலமாரியில்தான் இருக்கும்.

வாங்கும் முன் எந்தப் புத்தகமானாலும் நடுவில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து நான்கு பக்கம் படித்துப் பாருங்கள். எல்லாமே புரிந்தால் அது உங்களுக்குப் பழைய பாடம். ஒன்றுமே புரியாவிட்டால் அதற்கு முன்னால் வேறொரு புத்தகம் இருக்கிறது. அத்தியாயக் கடைசியில் கணக்குகள் இல்லாத புத்தகத்தை நான் பெரும்பாலும் சொல்வதில்லை. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் தேடுங்கள், பதிப்பை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இங்கிலீஷ் பற்றி: இந்தப் புத்தகங்களில் வரும் சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. மூன்றாவது அத்தியாயத்துக்குள் பழகிவிடும். நானும் தமிழ் மீடியம்தான். ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நோட்டில் தமிழில் எழுதுங்கள். நம் வீட்டுப் பேச்சில் மலையாளம் கலந்து வந்தாலும் வரட்டும். பேனா எங்கே நிற்கிறதோ, அந்த இடம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை. அங்கே திரும்பிப் போங்கள்.

பஸ்ஸில் பென்ட்லியின் கட்டுரையைப் படிக்காதீர்கள். காலையில் ஒரு கணக்கை மட்டும் படித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து யோசியுங்கள். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் எழுதிப் பாருங்கள். தேர்ந்தெடுத்த கணக்குகளுக்கு விடைகள் புத்தகத்தின் கடைசியில் உண்டு, இரண்டு நாள் முயன்ற பிறகு பாருங்கள். அதில் கோட் பெரும்பாலும் சி மொழியிலோ அதை ஒத்த வடிவிலோ இருக்கும். பைத்தானுக்கு நீங்களே மாற்றுங்கள்.

முதல் கட்டுரையின் கணக்கை மாற்றும்போது, முதலில் லிஸ்டில் ஒரு கோடி எண்களைப் போட்டு மெமரியைப் பாருங்கள். 64 பிட் பைத்தானில் ஓர் இன்ட் 28 பைட், அதைச் சுட்டும் இடம் 8 பைட், ஆக ஒன்றுக்கு 36 பைட், ஒரு கோடி எண்ணுக்கு 36 கோடி பைட்டுக்குக் குறையாது. பிறகு 12,50,000 நீளமுள்ள பைட்அரேயில் (பைட்டுகளின் வரிசை) பிட்டுகளாகச் செய்யுங்கள். இரண்டு அளவுகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.