பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் மனை வாங்கறதா இருந்தா டேட்டா பேங்க் பாக்கணும்ங்கறாங்களே, அது என்ன?

கேரளாவுல 2008-ல வந்த நெல்வயல், ஈரநில பாதுகாப்பு சட்டப்படி எந்தெந்த சர்வே நம்பர் வயல்னு எழுதி வச்ச லிஸ்ட்தாங்க டேட்டா பேங்க். வயல் போனா கிணத்துத் தண்ணியும் போயிரும், அதான் இவ்வளவு கெடுபிடி. சொந்த உபயோகம்னு ஆர்சி புக்குல இருக்கற கார வாடகைக்கு ஓட்ட முடியாதில்லீங்களா, அதே மாதிரி பத்திரம் உங்க பேருக்கு ஆனாலும் லிஸ்ட்ல வயல்னு இருந்தா வீடு கட்ட முடியாது. வேற இடமே இல்லாதவங்க குடியிருக்க சின்னதா ஒரு விலக்கு இருக்கு, ஆனா வாடகைக்கு விட வாங்கறவங்க அத நம்பி இறங்கவே இறங்காதீங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே சர்வே நம்பர வாங்கி கிருஷி பவன்ல (அங்கத்த வேளாண்மை ஆபீஸ்) லிஸ்ட பாருங்க, வில்லேஜ் ஆபீஸ் வரி ரெஜிஸ்டர்ல 'நிலம்'னு (அங்க அப்படின்னா வயல்) இருக்கா 'புரையிடம்'னு (வீடு, தோட்டத்துக்கான மேட்டு நிலம்) இருக்கான்னும் கேளுங்க, புரையிடம்தான் நமக்கு வேணும்.

மண்ணு கொட்டி மேடாக்கி தென்னை வச்சாச்சு, இனி அது மனைதான்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, ஆனா வருவாய்த் துறை அதிகாரியோட உத்தரவு வர்ற வரைக்கும் ரெக்கார்டுல அது வயல்தான்.