அமைப்புக் கோப்பில் தமிழ் எழுத்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜாவா நிரலின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) எழுதிவைக்கும் பிராப்பர்டீஸ் கோப்பில் தலைப்பைத் தமிழில் கொடுத்தேன். திரையில் கிறுக்கலாக வருகிறது. ஃபான்ட் மாற்றியும் பலனில்லை.

ஃபான்ட் மேல் குற்றமில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் 'க' என்பது 224, 174, 149 என்று 3 பைட். கோப்பை வெறும் இன்புட் ஸ்ட்ரீமாக, அதாவது பைட்டுகளின் வரிசையாகக் கொடுத்தால், அதைப் படிக்கும் ஜாவாவின் பிராப்பர்டீஸ் வகுப்பு லத்தீன்-1 என்ற வேறு குறியாக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. உங்கள் 'க' மூன்றாக உடைந்துவிடும். யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்த ரீடரைக் கொடுங்கள், சரியாகிவிடும். மொழிக்கேற்ற சொற்களை எடுத்துத்தரும் ரிசோர்ஸ் பண்டில் வழியாகப் படிப்பவர்களுக்கு ஜாவா 9 முதல் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு முந்தைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோட் எண்ணாக எழுத வேண்டியதுதான். வேலை நடக்கும், ஆனால் அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் பாவம்.

முதல் வரியில் உள்ள அமைப்பு மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் சரி.

கோப்பின் தொடக்கத்தில் பாம் (BOM) என்ற 3 பைட் அடையாளக் குறி (239, 187, 191) ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முதல் அமைப்பின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எடிட்டரில் 'பாம் இல்லாத யூடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். முதல் வரியைக் காலியாக விட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

என் பைத்தான் நிரல் லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸில் படுத்துவிடுகிறது.

கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் பைத்தான் கணினியின் வழக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. சொல்லிவிடுங்கள்.

அமைப்பில் உள்ள பெயரும் பயனர் தட்டிய பெயரும் பார்வைக்கு ஒன்றுதான். ஒப்பிட்டால் பொருந்தவில்லை.

'கொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'க'வோடு ஒகரக் குறி சேர்ந்தால் இரண்டு யூனிகோட் குறியீடு. அதையே 'க', ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று உள்ளிட்டால் மூன்று. திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. ஒப்பிடும் முன் இருபக்கத்தையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் ஒன்று: 'கௌ' வர வேண்டிய இடத்தில் 'ள'வைப் போட்டு 'கெள' என்று தட்டியிருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது. அது வேறு எழுத்து, கையால்தான் திருத்த வேண்டும்.

அமைப்புகளின் பெயர்களையே தமிழில் வைக்கலாமா?

மதிப்பு தமிழில் இருக்கட்டும், பெயர் வேண்டாம். டாமல் (TOML) என்ற வகை அமைப்புக் கோப்பில் தமிழ்ப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் ஏற்கும். அதே பெயரை நாளை கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் சூழல் மாறியாக (நிரல்களுக்கு மதிப்பைக் கொடுக்கும் பெயராக) வைக்கப் போனால் பாஷ் என்ற ஷெல் ஒத்துக்கொள்ளாது.