டைம்ஷேர்: வாரமா, பாயின்ட்டா? - நுகர்வோர் கேள்வி-பதில்

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. ஒரு ரிசார்ட் கம்பெனி பாயின்ட் திட்டத்தில் சேரச் சொல்கிறது. மாமனாரோ தன் ஊட்டி வாரத்தை எங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம்? - வாசகி, மடிப்பாக்கம்

டைம்ஷேர் என்றால், வருடாவருடம் ரிசார்ட்டில் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே பணம் கொடுத்து வாங்குவது. வாரத் திட்டத்தில் வருடத்துக்கு ஒரு வாரம் கிடைக்கும். பாயின்ட் திட்டத்தில் வருடத்துக்கு இத்தனை பாயின்ட் தருவார்கள், அதைச் செலவழித்து அறை எடுக்க வேண்டும். மாமனாரின் ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். வார எண் போட்டிருந்தால் அது நிலையான வாரம். வருடத்தை 52 வாரமாகப் பிரித்திருப்பார்கள். 20 என்றால் மே நடுவில் வரும். அந்த வாரம் உங்களுடையது, யாரோடும் போட்டி இல்லை. எண் இல்லாமல் சீசன் பெயர் மட்டும் இருந்தால், முந்திப் புக் செய்பவருக்குத்தான் அறை.

பாயின்ட்டிலும் வசதி உண்டு. சனி, ஞாயிறு மட்டும் ஏற்காடு போய் வரலாம். சின்ன அறை எடுத்து நாளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த அட்டவணை இருக்கிறதே, எந்த ஊரில், எந்த சீசனில், ஓர் இரவுக்கு எத்தனை பாயின்ட் என்று சொல்லும் தாள், அதன்மேல்தான் எனக்கு ஆத்திரம். அதை மாற்றும் உரிமையைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய திட்டத்தில் அதுதான் நடந்தது. சேர்ந்தபோது கொடைக்கானலில் மே மாதம் ஏழு இரவுக்குப் போதுமாக இருந்த பாயின்ட், பிறகு ஐந்து இரவுக்குத்தான் வந்தது. வருடாவருடம் தனியாகக் கட்டும் சந்தா மட்டும் ஏறிக்கொண்டே போனது. முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, கொடுப்பதைப் பிறகு குறைப்பது அநியாயம். 1991-ல் அமெரிக்காவில் தொடங்கிய டிஸ்னியின் பாயின்ட் கிளப்பில், ஒரு சீசனுக்கு பாயின்ட்டை ஏற்றினால் இன்னொரு சீசனுக்கு இறக்க வேண்டும். வருட மொத்தம் கூடக்கூடாது. உங்களிடம் விற்க வருபவரிடம் இப்படி ஒரு வரியை எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மே மட்டும்தான் போவீர்கள், வார எண்ணும் மேயில் விழுகிறது என்றால் ஊட்டி வாரமே சரி. சந்தா பாக்கி, பெயர் மாற்றக் கட்டணம், மிச்சமிருக்கும் வருடங்கள் மூன்றையும் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிய பிறகு மாற்றுங்கள்.

இலவச டின்னர் என்று ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கே கார்டில் பணம் கட்டிவிட்டோம். வருடச் சந்தா தனி என்று இப்போதுதான் தெரிகிறது. - வாசகர், அண்ணா நகர்

லட்சக்கணக்கில் கட்டும் முன் நாலு பக்கம் படிக்க என்ன கஷ்டம்? டைம்ஷேருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் ரத்து செய்ய 10 நாள் போல ஏதாவது கெடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். போனில் பேசிப் பேசியே கெடு ஓடிவிடும்.

பாயின்ட் வாங்கி வைப்பது முதலீடா? - வாசகர், அம்பத்தூர்

இல்லை.

அப்பாவின் பழைய வாரத்தை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம் என்று போனில் பேசியவர்கள், ஜிஎஸ்டி, என்ஓசி என்று 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இப்போது போன் எடுப்பதில்லை. அப்பா யாரிடமும் பேசாமல் இருக்கிறார். - வாசகி, பெரம்பூர்

அப்பாவை யாரும் திட்ட வேண்டாம். சந்தா கட்டிச் சலித்த பெரியவர்களைக் குறிவைத்தே இந்தக் கும்பல்கள் கூப்பிடுகின்றன. உடனே 1930-ஐ அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் எவ்வளவு சீக்கிரம் முடக்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது. மீட்டுத் தருகிறோம் என்று அடுத்து ஒருவன் கூப்பிடுவான். அவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்று வருடமாக மே மாதம் அறை இல்லை என்கிறார்கள். கம்பெனி மும்பையில். வழக்குப் போட அங்கே போக வேண்டுமா? - வாசகர், வேளச்சேரி

வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அறை கேட்ட தேதி, அவர்கள் மறுத்த மெயில் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள்.